மூன்றாவது பொம்மி

ஜூலை 4, புதன்

பிரஷர் 140/90. காலையில் இரண்டு இட்லி, மதியம் குழைந்த சோறும் பாசிப்பருப்பும். நடை: கட்டிலிலிருந்து அடுப்படி வாசல் வரை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை. பேசிய சொல்: ஒன்று.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று பெனினா சொல்லியிருக்கிறாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். "தினமும் எழுதுங்கம்மா. என்ன சாப்பிட்டாரு, எவ்வளவு நடந்தாரு, என்ன வார்த்தை வந்துச்சு, எத்தன தடவ சொன்னாரு, எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். ஜூன் முழுக்கக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இன்று முதல் உரக்கடை கொடுத்த இந்த டைரியில். எழுதுவது எனக்குப் புதிதில்லை. இருபத்துநாலு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். எத்தனை முட்டை வந்தது, எத்தனை உடைந்தது என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப்போனது. எப்படி உடைந்தது என்று மட்டும் எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டோம்.

ஏப்ரல் 19-ஆம் தேதி காலை பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. முப்பது வருடத்துக்கு மேல் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பின்வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் முன்வாசலில் தொங்குகிறவன் உள்ளே ஏறிவிடுவான். அந்தத் தொண்டையில் இப்போது இருப்பது ஒரே சொல். அதுவும் மே 31-ஆம் தேதிதான் வந்தது. பொம்மி.

பொம்மி எங்கள் பூனை. வெள்ளை உடம்பில் செம்பட்டைத் திட்டு, வால் நுனி மட்டும் கறுப்பு. நேற்றிலிருந்து அதைக் காணவில்லை.

கட்டிலுக்கு அடியில், பரணில், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று. நேற்று செவ்வாய்ச் சந்தைக்குப் போய்வந்தேன். அந்த நேரத்தில் எப்படியோ வெளியே போயிருக்கிறது. சந்தைக்குப் போயும் தக்காளி வாங்க மறந்துவிட்டேன். மணிக்கட்டில் செம்பருத்திச் செடி கிழித்த இடம் எரிகிறது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன்.

அவர் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எண்ணினேன். நாற்பத்தொரு தடவை.

ஜூலை 5, வியாழன்

பிரஷர் 140/90. சொல்: ஒன்று. முப்பத்தாறு தடவை.

மரகதம் வந்தாள். அவருடைய தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் நான் சந்தைக்குப் போனால் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவள் இவள்தான்.

"மைனி, நான் பத்து மணிக்கு வந்தப்பவே பூனை இல்ல. நீங்க கெளம்பும்போது இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"பூட்டிட்டுத்தான போனிய? நான்தான சாவியப் போட்டுத் தொறந்தேன். பூட்டுன வீட்டுக்குள்ள இருந்து அது எப்பிடிப் போகும்?"

இவளைப் போலீஸில் சேர்த்துவிட்டிருக்க வேண்டும். "சன்னல் வழியா ஓடியிருக்கும்" என்றேன்.

"கையில என்ன?"

"செம்பருத்தி கீறிட்டு."

"செம்பருத்தியில ஏது மைனி முள்ளு?"

காப்பி போட உள்ளே போனேன். முற்றத்தில் ஒயர் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். போகும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 6, வெள்ளி

காலையில் தெருத்தெருவாகத் தேடினேன். ரைஸ் மில், நூலகத்துப் பின்பக்கம், கல்யாண மண்டபத்தின் எச்சில் இலை போடுகிற இடம். "பூனைதானம்மா, பசிச்சா வந்துரும்" என்று ரைஸ் மில்காரர் சொன்னார். எல்லாரிடமும் அடையாளம் சொல்லி வைத்தேன். தேடுகிறோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

எங்கள் வீட்டு வாசலில் நின்றும் பொம்மி, பொம்மி என்று கூப்பிட்டேன். அவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 8, ஞாயிறு

பிரஷர் 145/90. இருபத்திரண்டு தடவை.

இது மூன்றாவது பொம்மி. முதல் பொம்மி நான் கல்யாணமாகி வந்த வருடம், எண்பத்தேழில், தானாக வந்து சேர்ந்தது. அது செத்த பிறகு இன்னொன்று வந்தது. அதற்கும் அதே பெயரை வைத்தார். அடுத்ததுக்கும் அதே பெயர். "வேற பேரே கெடைக்கலையாக்கும்?" என்று கேட்டேன். "பழகிப்போச்சு" என்று பூனையைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாவற்றையும் பூனையைப் பார்த்துத்தான் சொல்வார். நான் வந்த புதிதில் என் மாமியார் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பார். மாமியார் காதுபடப் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். நான் அவர் பெயரைச் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். பிள்ளை இருக்கிற வீடுகளில் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சமாளித்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பூனை இருந்தது. "பொம்மி, காப்பி இன்னும் வரல." "பொம்மி, ரசத்துல உப்பக் காணும்." "பொம்மி, நாளைக்கு எனக்கு மதுரை டூட்டி, வெள்ளன எழுப்பி விடணும்." ஒரு தடவை சட்டைப்பையைத் தட்டிக்கொண்டே வந்து, "பொம்மி, ஆறு மணி ஆட்டத்துக்கு ரெடியா இருக்கணும்" என்றார். பூனை சினிமாவுக்குப் போகவில்லை. நான்தான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன்.

மாமியார் போய்ப் பதினெட்டு வருடம் ஆயிற்று. அதற்கப்புறமும் பேச்சு பூனையோடுதான். பரமகல்யாணி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வாய் நிறையக் கூப்பிட்ட பெயர். முப்பத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அது ஒரு தடவைகூட வந்ததில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது. வரட்டும்.

ஜூலை 10, செவ்வாய்

பிரஷர் 150/90. மதியம் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டார்.

தக்காளி வாங்கச் சந்தைக்குப் போனேன். பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர். போன இடத்தில் அப்படியே மீன் வரிசையிலும் விசாரித்தேன். மீன் வாசனைக்குப் பூனைகள் எங்கிருந்தாவது வரும்தானே.

உவரியிலிருந்து வந்து கடை போடுகிற மிக்கேலம்மாளிடம் கேட்டேன். வெள்ளையில் செம்பட்டைத் திட்டு, வால் நுனி கறுப்பு என்று சொன்னதும், அறுத்துக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"போன செவ்வாக்கெழம இங்க நின்னுச்சே அது. யாரோ சாக்குல கெட்டிக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காவ தாயி. சாக்கு அந்தா கெடந்துச்சு. வீட்டுல வளந்த சீவன் போல. ஆள் ஆளா மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. எந்தப் பாவி செஞ்சாளோ."

"ஆம்பளையா இருக்கலாம்ல" என்றேன்.

அவள் என் ஒயர் கூடையைப் பார்த்தாள். நான் வந்துவிட்டேன். இந்தத் தடவையும் தக்காளி வாங்கவில்லை.

அவர் இன்று மூன்றே தடவைதான் கூப்பிட்டார். இப்போதெல்லாம் கூப்பிட்டால் நான் போவதில்லை. போய் என்ன சொல்வது? பூனை இல்லை, பூனை இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? ஆனால் மூன்று என்று எழுதும்போது பயமாக இருக்கிறது. பெனினா முதலிலேயே எச்சரித்தாள்: "வர்ற ஒரு வார்த்தைய விட்டுரக் கூடாதும்மா. அதப் பிடிச்சுத்தான் மத்ததக் கொண்டு வரணும். பேசுறதையே நிறுத்திட்டாருன்னா அப்புறம் கஷ்டம்."

ஜூலை 11, புதன்

நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

ஜூலை 12, வியாழன்

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். இந்த டைரியைப் பெனினாவிடம் காட்ட முடியாது. அவளுக்கு வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

மே 31. அவர் விழுந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு நாளும் துடைத்து, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, கரண்டியால் ஊட்டியவள் நான். அன்று கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்து, ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. எமன் வாசல் வரை போய்த் திரும்பிய மனுஷன், மாமியாரும் இல்லை, கேட்க யாரும் இல்லை, இப்போதாவது என் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அதைத்தான் நினைத்தேன். "பொம்மி" என்றார். ஜன்னல் திட்டில் அது கால் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. மரகதம் சந்தோஷத்தில் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு ஒரு மாதம் பொம்மி, பொம்மி. தண்ணீருக்கும் பொம்மி, முதுகு அரித்தாலும் பொம்மி. ஓடி ஓடிப் போய்ச் செய்தேன். செய்யச் செய்ய அந்தப் பூனையைப் பார்த்தாலே எரிந்தது.

ஜூலை 2-ஆம் தேதி, திங்கட்கிழமை. பின்னால் துணி துவைக்கிற கல்லில் சோப்புத் தண்ணீர் வழுக்கி விழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. பித்தளைக் குடம் உருண்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளேயிருந்து அவர் கத்த ஆரம்பித்தார். பொம்மி, பொம்மி, பொம்மி. மூச்சு விடாமல். பூனையோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இடுப்பொடிந்து கிடக்கிறேன், இந்த மனுஷனுக்குப் பூனையைக் காணோம் என்கிற கவலை. பத்து நிமிடம் கழித்துச் சுவரைப் பிடித்து நடந்து உள்ளே போனேன். அவர் கட்டிலிலிருந்து பாதி இறங்கி, இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே விழுந்திருந்தால் மண்டை போயிருக்கும். பூனைக்காக இவ்வளவா என்று நினைத்தேன்.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அதைச் சாக்கில் போட்டேன். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும், அதனால் பூனையைச் சாக்கில் கட்டித்தான் கொண்டுபோவார்கள் எங்கள் ஊரில். மணிக்கட்டில் கீறியது அப்போதுதான். சாக்கை ஒயர் கூடைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டேன். பஸ் கண்டக்டர் அவரோடு வேலை பார்த்த பையன். "அண்ணன் எப்பிடி இருக்காவ அக்கா? பேச்சு வந்துட்டா?" என்று கேட்டான். என் காலடியில் அது முனகிக்கொண்டிருந்தது. "கூடையில என்ன?" என்றான். கோழி என்றேன்.

மீன் வரிசைக்குப் பின்னால் சாக்கை அவிழ்த்தேன். ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. உடம்பைச் சிலிர்த்துவிட்டு என் பின்னாலேயே டீக்கடை வரை வந்தது. நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஜூலை 13, வெள்ளி

பிரஷர் 160/100. கஞ்சி அரை டம்ளர். நடை இல்லை. சொல்: இல்லை.

ஜூலை 14, சனி

மரகதத்தையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெனினா படங்களைக் காட்டினாள். போன மாதம் டம்ளர், சீப்பு, கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொம்மி என்று சொன்னவர் இன்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னைக் காட்டி, "ஐயா, இவங்க யாரு?" என்று கேட்டாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. சத்தமே இல்லாமல் ஒரு "பொம்மி" வந்தது. நேற்று முழுக்க வராத சொல்.

"அது எல்லாத்துக்கும் அதான் சொல்லுதாவ" என்றேன்.

"இல்லம்மா, இன்னைக்கு எல்லாத்துக்கும் சொல்லலையே" என்றாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?" என்று கேட்டாள்.

"கூப்பிட மாட்டாவ."

"முப்பது வருஷமாவா?"

"எங்க பக்கம் அப்பிடித்தான்மா."

"நீங்க?"

"நானும்தான்."

சிரித்தாள். "நீங்களாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. காதுல விழுந்தா நல்லது" என்றாள். ஆட்டோவில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாய் வரை வந்து நின்றுவிட்டது. வாசலில் பூனை அடையாளம் எழுதி ஒட்ட வேண்டும் என்று மரகதம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜூலை 17, செவ்வாய்

பிரஷர் 160/95. சொல்: இல்லை.

இந்தத் தடவை தக்காளி என்று யாரிடமும் சொல்லவில்லை. நேராக மிக்கேலம்மாளிடம் போய் நின்றேன். "நான்தாங்க அந்தப் பாவி" என்றேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டே, "கருவாட்டுச் செட்டு மேல கெடக்கும். கூட்டம் கலைஞ்ச பொறவு எறங்கும். யாரையும் கிட்ட அண்ட விடாது. பழகுன கொரலு கேட்டா வரும்" என்றாள்.

கருவாட்டுக் கொட்டகையைச் சுற்றி இரண்டு மணி நேரம் கூப்பிட்டேன். தகரக் கூரை ஓரத்தில் ஒரு கறுத்த வால் நுனி தெரிந்தது. என் குரல் கேட்டதும் உள்ளே போய்விட்டது. என் குரல் அதற்குப் பழகிய குரல்தான். அதனால்தான் போயிற்று.

அவர் குரலுக்கு வரும். ஆனால் அவருக்குக் குரல் எங்கே இருக்கிறது?

ஜூலை 19, வியாழன்

தண்ணீரைக் கூடக் கையால் தட்டிவிட்டார். சொல்: இல்லை. ஏழு நாளில் அந்த ஆஸ்பத்திரிச் சொல் ஒன்றுதான்.

ஜூலை 22, ஞாயிறு

அவருக்குத் தலை சீவிவிடும்போது சொன்னேன். பின்னால் நின்று சீவினால் முகத்தைப் பார்க்க வேண்டாம். "பூனை ஓடிப்போகல. நான்தான் சாக்குல கெட்டிச் சந்தையில கொண்டுபோய் விட்டேன். செவ்வாக்கெழம உங்களையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க கூப்பிட்டா வரும்" என்றேன்.

அவர் இடது கையை மேலே கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சரியாகக் கீறல் இருந்த இடத்தில். காய்ந்து தழும்பாகிவிட்ட அதைக் கட்டை விரலால் தடவினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கட்டிலில் படுத்தால் வாசல் நேராகத் தெரியும். நான் பூனையைச் சாக்கில் திணித்ததும், அது கீறியதும், துண்டைப் போட்டு மூடியதும் எல்லாம் அவர் கண் முன்னால்தான் நடந்தது. நான் படி இறங்கும்போது ஒரே ஒரு தடவை பொம்மி என்றார். பூனையை விடச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பாமல் போனேன். பத்தொன்பது நாளாக எல்லாம் தெரிந்தவர் முன்னால் நான் தெருவில் நின்று பூனையைத் தேடியிருக்கிறேன்.

ஜூலை 24, செவ்வாய்

பிரஷர் பார்க்கவில்லை.

ஆட்டோவின் பின்சீட்டில் அவரை ஓரமாகத் தலையணை வைத்து உட்கார வைத்து, மரகதமும் நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். மீன் வரிசையின் தலைப்பில் ஆட்டோவை நிறுத்தினோம். மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர் சந்தையைப் பார்க்கிறார். கண் எல்லாப் பக்கமும் போயிற்று. "கூப்பிடுங்கண்ணே, பொம்மி பொம்மின்னு கூப்பிடுங்க" என்று மரகதம் கெஞ்சினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

சரி, நானாவது தேடுகிறேன் என்று கருவாட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். கூடைகளுக்கு நடுவே குனிந்து, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொம்மி!"

பஸ்ஸின் பின்வாசல் குரல். மூன்று மாதமாக எங்கேயோ கிடந்த அந்தப் பழைய குரல். சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தா வந்துட்டேன்!" என்று நான் கத்தினேன். கத்திவிட்டு, கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். யோசித்து ஓடவில்லை. அடுப்படியில் நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு எப்படிப் போவேனோ, அப்படி. நான் குனிந்து நின்ற இடத்தில் ஐஸ் லாரி ரிவர்ஸில் வந்து பெட்டிகளில் மோதி நின்றது. போட்டுவிட்டு வந்த ஒயர் கூடை அதன் டயருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. டிரைவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ஆட்டோவுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. இடது கை இன்னும் அந்த வண்டியையே காட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் புரியாத மரகதம் சிரித்துவிட்டாள். "என்ன மைனி, அண்ணன் பூனையக் கூப்பிட்டா நீங்க இந்தா வந்துட்டேன்னு ஓடியாரிய?"

நான் ஆட்டோவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 25, புதன்

பிரஷர் 140/90. காலையில் மூன்று இட்லி. சொல்: ஒன்று. பதினேழு தடவை. பதினேழு தடவையும் போனேன்.

எனக்கு அழுகை நிற்கவில்லை. முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடமாக யார் காப்பி போட்டது? யார் வெள்ளன எழுப்பிவிட்டது? பூனையா? இரண்டு பூனை செத்தும் அந்தப் பெயர் ஏன் சாகவில்லை? சண்டை போட்ட நாளிலும், மாமியார் செத்த நாளிலும், பிள்ளை இல்லை என்று டாக்டர் கையை விரித்த நாளிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் வந்துட்டேன், வந்துட்டேன் என்று போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறேன். கூப்பிட்டது என்னை என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நான் கல்லில் விழுந்து கிடந்தபோது உள்ளேயிருந்து மூச்சு விடாமல் கத்தியது யாருக்காக என்று இப்போது தெரிகிறது. பாதி உடம்பு செத்த மனுஷன் கட்டிலிலிருந்து இறங்கியது எதற்காக என்றும் தெரிகிறது. அதற்காக மறுநாள் நான் என்ன செய்தேன் என்பதும் இந்த டைரியிலேயே இருக்கிறது. பூனை போன துக்கத்தில் பேச்சை நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். கூப்பிட்டும் வராத ஒருத்தியை எவ்வளவு நாளைக்குக் கூப்பிடுவார்?

ஜூலை 28, சனி

ஆஸ்பத்திரி. டம்ளர் படத்துக்கு "த" என்று ஒரு சத்தம் வந்தது. பெனினா கை தட்டினாள். பிறகு பழைய தாளைப் புரட்டி, நிரப்பாத ஒரு இடத்தில் பேனாவை வைத்தாள்.

"அம்மா, போன தடவ கேட்டேன்ல. வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?"

"பொம்மின்னு."

எழுதப் போனவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது பூனை பேர்னு சொன்னீங்களே?"

"அதுக்கும் அதுதான் பேரு" என்றேன்.

அவர் பக்கத்தில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, யாரும் கேட்காத மாதிரி அவர் காதருகே குனிந்து, "ஆவுடையப்பன், போலாமா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. மறு பக்கம் இன்னும் வரவில்லை.

ஜூலை 31, செவ்வாய்

பிரஷர் 140/85. நடை: கட்டிலிலிருந்து முற்றம் வரை. சொல்: ஒன்று, ஒரு "த", ஒரு "கா".

இருவரும் சந்தைக்குப் போனோம். அவர் ஆட்டோவிலிருந்து கூப்பிட்டார், நான் கொட்டகை கொட்டகையாகப் பார்த்தேன். மிக்கேலம்மாள் கையை விரித்தாள். "எட்டு நாளா கண்ணுலயே படல தாயி. கூரையில வெச்ச மீன்தலை அப்பிடியே கெடக்கு." ஐஸ் லாரியில் ஏறிப் போயிருக்கலாம் என்றாள். நாய்கள் நிறைய இருக்கின்றன என்றும் சொன்னாள். பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதைப் போல, அரைக் கிலோ சாளையை என் பையில் போட்டாள்.

யார்மேல் கோபமோ அவர்மேல் காட்ட முடியாமல் ஒரு வாயில்லாத சீவன்மேல் காட்டினேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அவர் சாப்பிடுகிறார், நடக்கிறார். அதற்கு என்ன புரிந்திருக்கும்? டீக்கடை வரை என் பின்னாலேயே வந்தது.

சாயங்காலம் சாளை கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "இந்தா வந்துட்டேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வாசனை வந்தால் அது குதித்து ஏறி உட்காருகிற இடம். மெதுவாக, அடித்தொண்டையில் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

இந்தத் தடவை அவர் கூப்பிட்டது என்னை இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் போய் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.